கோத்தகிரி ரோட்டோரம் ஒரு சிவப்புப் புள்ளி

மழை விட்டதும் கோத்தகிரி ரோட்ல டீக்கு நிறுத்தினோம், எதிர்ல வெட்டுன பாறையில கடுகு சைஸ்ல சிவப்பா என்னமோ மின்னுச்சு.

தம்பி பொண்ணு லென்ஸ வாங்கிப் பாத்துட்டு "பெரியப்பா, ஃபயர் ஓப்பலா?"ன்னு குதிக்கிறா. யூட்யூப்ல அந்த ஆரஞ்சு ரத்தினக் கல்ல தோண்டுறத பாத்திருக்கா.

இல்லடா தங்கம், இது கார்னெட். நம்ம கோமேதகத்தோட குடும்பம். ஈரத்துல அடர் சிவப்பு, லேசா ஊதா கூட தெரிஞ்சுது, சுத்தி கருப்பு பாறை, என்ன அழகு!

ஃபயர் ஓப்பலுக்குப் பேர்போன ஊர் மெக்சிகோவுல கெரெத்தாரோ. எரிமலைப் பாறையோட பொந்துக்குள்ள சிலிக்கா கரைஞ்ச தண்ணி இறங்கி மெதுமெதுவா கெட்டியாகி வர்றது, அந்த ஆரஞ்சு கலர் இரும்பால. கல்லுக்குள்ளயே தண்ணி இருக்கு, வேகமா காய்ஞ்சா சிலது விரிசல் விட்டுடும், அதான் தோண்டுறவங்க அவ்ளோ பொறுமையா கையாளுவாங்க.

நம்ம நீலகிரியோ சார்னோக்கைட்ங்கிற பாறை. ஏறத்தாழ 250 கோடி வருஷத்துக்கு முன்ன பூமிக்கு அடியாழத்துல வெந்த பாறை, அந்தச் சூட்டுல ஓப்பல் எங்க தங்கும்?

பாறையை நாங்க கொத்தல. மழைக்காலத்துல இந்தச் சரிவுகள்ல யாரும் கை வைக்காதீங்க, ப்ளீஸ். மண்ணு எப்ப இறங்கும்னே தெரியாது.

கீழ உதிர்ந்து கிடந்த சில்லுல ஒண்ணு கிடைச்சுது, அவளுக்குத் தரையில கால் நிக்கல. அடுத்த லீவுக்கு குன்னூர் போகணுமாம்.