பழைய பள்ளிக்கூடத்தை அளந்து, அட்டையில் கட்டுகிறேன்

எங்கள் ஊரில் நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்த ஓட்டுக் கட்டடம் இப்போது பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் எதிரே இருக்கும் கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். பழையதில் நூறு நாள் வேலைச் சட்டிகளும் மண்வெட்டிகளும் கிடக்கின்றன. இடிப்பதற்குள் அளந்து, அட்டையில் அதன் சின்ன மாதிரி வடிவம் ஒன்றைச் செய்துவிடலாம் என்று தை மாசம் ஆரம்பித்தேன். அளவு 1:50, அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்.

முதல் நாளே சறுக்கல். 42 அடி நீளம், 18 அடி அகலத்தில் ஒரே கூடம். நீளச் சுவர் ஒன்றையும் அகலச் சுவர் ஒன்றையும் அளந்துவிட்டு, எதிர்ச்சுவரும் அதேதானே என்று வீட்டுக்கு வந்து செவ்வகமாக வரைந்தேன். பிறகு மேற்குச் சுவரின் ஜன்னல்களையும் இடையில் உள்ள சுவர்த் துண்டுகளையும் தனித்தனியாக அட்டையில் வெட்டி வரிசையாக வைத்தால் 4 மில்லிமீட்டர் வெளியே நீட்டுகிறது. மறுபடி போய் அளந்தேன். மேற்குச் சுவர் 18 அடி 8 அங்குலம்! அன்றிலிருந்து மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்காமல் எந்த அறையையும் விடுவதில்லை.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் ஊரில் வயதான கொத்தனார் ஒருவர். "செவுத்த அளந்து என்ன தம்பி பண்ணப் போற, வெலைக்கா வாங்கப் போற?" என்று சிரித்தவர்தான், சுவரின் கனத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். வெளிச்சுவர் ஒன்றரை அடி. கூடத்தை இரண்டு வகுப்பாகப் பிரிக்கும் சுவர் ஒன்பது அங்குலம். பின் வராந்தாவில் தூண்களுக்கு இடையே எழுப்பிய சுவர் வெறும் நாலரை அங்குலம். கனம் குறையக் குறைய வயசும் குறைகிறது. பழைய சுவரில் ஆணியால் கீறினால் சுண்ணாம்பு பொடியாக உதிர்கிறது, ஒன்பது அங்குலச் சுவரில் ஆணிதான் வழுக்குகிறது. அது சிமெண்ட். பழைய சுவரோடு செங்கல் கோத்துக் கட்டாமல் சும்மா ஒட்டி எழுப்பியதால், சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்க்கோட்டில் விரிசல்.

அந்த நாலரை அங்குல அடைப்புக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்கும் கைமரமும் அதன் மேல் ஓடு உட்காரும் ரீப்பர் சட்டமும் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. சத்துணவு சமைத்த இடம். காமராஜர் காலத்தில் 1956-இல் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இந்த அடைப்பு இரண்டாவதுக்குப் பிறகு கட்டியது என்பது கொத்தனாரின் கணக்கு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு வராந்தாவை இன்னும் ஆறடி இழுத்திருக்கிறார்கள். (அந்த ஷீட்டை நான் தொடவில்லை, உடைந்து தூசி பறந்தால் நுரையீரலுக்கு ஆகாது.) மாதிரியில் அதற்கு அட்டைப்பெட்டியின் உள்ளே இருக்கும் நெளிதாளை உரித்து ஒட்டினேன். அச்சு அசல்.

கிழக்குச் சுவரில் வரிசையாக மூங்கில் முனை செருகிய ஓட்டைகள். அங்கே கீற்றுக் கொட்டகை இருந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். கொட்டகை போய்விட்டது, ஓட்டையை யாரும் பூசவில்லை.

எனக்கு மனம் ஆறாதது உள்பூச்சுதான். சுண்ணாம்புச் சுவரின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், ஓதம் நிற்கட்டும் என்று. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, சரியாக மூன்றடிக்கு மேல் உப்புப் பூத்து, நல்ல பூச்சையும் பொரித்துத் தள்ளியிருக்கிறது. கரும்பலகை தப்பிவிட்டது. அது பலகையே இல்லை, சுவரிலேயே கறுப்புப் பூசியது. விளிம்பு உரிந்த இடத்தில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் தெரிகிறது. ஏழு வரை எண்ணினேன்.

அப்புறம் ஓடு. விழுந்து கிடந்த ஒன்றைத் திருப்பினால் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் பெயரும் 1865 என்ற எண்ணும். ஆகா, நம் பள்ளிக்கூடம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள்தான் அந்தப் பெருமை. மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் 1865. ஓடு சுட்ட வருஷம் இல்லை. முதல் உலகப் போரை ஒட்டி அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் போயின. ஆகவே இந்த ஓடு அதற்கு முந்தியதாக இருக்கலாம், கட்டடம் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. இடித்த வீட்டு ஓட்டை வாங்கி வேய்வது எந்த ஊரிலும் நடப்பதுதான். இன்னொரு மூலையில் அல்புகர்க் என்ற வேறு கம்பெனியின் பெயரும் 1868-உம் போட்ட நாலு ஓடு கிடைத்தது. ஒரு கம்பெனி ஓட்டின் காடி (ஓடும் ஓடும் கோக்கும் பள்ளம்) இன்னொன்றில் சரியாக உட்காராது, அந்த மூலையில்தான் நாங்கள் படிக்கும்போது ஒழுகும்.

எந்த வருஷத்துக் கட்டடத்தைச் செய்வது என்று ரொம்ப நாள் குழம்பினேன். கடைசியில் சமையல் அடைப்பும் நடுச்சுவரும் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டேன்.

கூரை மட்டும் பாக்கி. நிஜக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 15 ஓடு வீதம் தோராயமாக 1,700 ஓடு வரும். மாதிரியில் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் நீளம், 5-க்குக் கொஞ்சம் குறைவான அகலம். செங்காவி நிறத்தில் வந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 212.