ஆத்தாவின் முழங்காலும் கைப்பேசி ரசமட்டமும்

சென்ற ஐப்பசியில் என் ஆத்தாவுக்கு (எங்கள் பக்கத்தில் அம்மாவை இப்படித்தான் அழைப்போம்) மதுரையில் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரைக்குடியிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வாரத்துக்கு 2 முறை எங்கள் ஊருக்கு வந்துபோக ஒப்புக்கொண்டார். பயிற்சியோ நாளைக்கு 3 வேளை. ஆக வாரத்தின் 21 வேளைகளில் அவர் கண்முன்னே நடப்பவை இரண்டுதான். மீதமுள்ள 19 வேளைகளுக்கும் வீட்டில் இருந்த துணை நானும் என் கைப்பேசியும். அந்தக் கைப்பேசி எதற்கெல்லாம் உதவியது, எங்கே காலை வாரியது என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல முடியாது. முகப்பிலிருந்து (வாசலை அடுத்த முன்கூடம்) வளவுக்குப் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) போக ஒரு நிலைப்படி, வளவிலிருந்து அதற்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டுக்குப் போக இன்னொன்று, அடுப்படிக்கு மற்றொன்று. எல்லாமே பாதத்தை நன்றாகத் தூக்கினால்தான் தாண்டக்கூடிய உயரம். முற்றத்தைச் சுற்றிப் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் மேல் மழைச்சாரல் பட்டால் வாக்கர் வழுக்கும். சுவர்களின் கனத்துக்கு உள் அறைகளில் இணைய இணைப்பு எட்டாது; வீடியோ அழைப்பு என்றால் முகப்புதான். ஆகவே ஆத்தாவின் கட்டிலையே முகப்புக்குக் கொண்டுவந்து போட்டோம். நலம் விசாரிக்க வந்த உறவினர் அனைவரும் அவர் காலைத் தூக்கி இறக்குவதைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னது தனிக்கதை.

முதலில் தோற்ற முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஊரிலிருந்து கிளம்பும்போது ஒரு செயலியை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனான். கேமராவின் முன் பயிற்சி செய்தால் அது உடலசைவைத் தானே கண்டறிந்து எண்ணிக்கை சொல்லும், தவறினால் திருத்தும் என்றான். இவ்வகைச் செயலிகளின் அடிப்படை புரியாதது அன்று. கூகுளின் மீடியாபைப் போன்ற மென்பொருள், படத்தில் தெரியும் உடலில் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என 33 புள்ளிகளை ஊகிக்கிறது. அப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தைக் கொண்டு கால் எவ்வளவு மடங்கியது என்று கணக்கிட முடிகிறது. ஆனால் இடுப்பும் முழங்காலும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. கண்டாங்கிச் சேலைக்குள் முழங்கால் எங்கே இருக்கிறது என்று மனிதர்களே சொல்வது கடினம். செயலி என்ன செய்யும்? ஆத்தா 10 முறை காலை மடக்கினால் அது 4 என்றது, சில வேளைகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்றது. நடுவில் ஆங்கிலத்தில் பாராட்டு வேறு. மூன்றாம் நாள் அதை நீக்கிவிட்டோம். வேட்டி கட்டியவர்களுக்கும் இதே அனுபவம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நடையடி எண்ணும் வசதியும் அப்படியே: வாக்கரைப் பிடித்து மெதுவாக நடப்பவரின் அடிகளில் பலவற்றை அது அடியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் வளவுத் தூண்களை எண்ணினோம். காலையில் 6 தூண், மாலையில் 8 தூண் என்று.

பயன்பட்டவை எல்லாம், கைப்பேசி வாங்கும்போது யாரும் பெருமையாகச் சொல்லாத சில்லறை வசதிகள். அவற்றில் ஒன்று குரல் பதிவு. இயன்முறை மருத்துவர் இரண்டாம் முறை வந்தபோது, அவர் பயிற்சி சொல்லிக்கொடுப்பதை முழுவதுமாகப் பதிவு செய்துகொண்டேன். "தொடையை இறுக்குங்க ஆச்சி, முட்டியைக் கட்டிலோட அழுத்துங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, இப்ப விடுங்க" என்று அவர் எண்ணும் வேகத்திலேயே ஆத்தா செய்தார். நான் எண்ணினால் 5 நொடி 3 நொடியாகச் சுருங்கிவிடும். வலிக்கும்போது எண்ணிக்கையை விரைவுபடுத்தச் சொல்லி என்னிடம் பேரம் பேசலாம், பதிவு செய்த குரலிடம் பேச முடியாது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அதற்கு ஓர் அலாரமும் பயிற்சிக்கு ஓர் அலாரமும் வைத்தோம்.

இரண்டாவது, ரசமட்டம். கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்ப்பாரே, அதே வேலையைச் செய்யும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் உண்டு, அல்லது இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை உணர்கிறது. அதிலிருந்து கைப்பேசி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மருத்துவர்கள் முழங்கால் மடக்கத்தை அளக்கக் கோனியோமீட்டர் என்ற கோணமானியைப் பயன்படுத்துகிறார்கள். எங்களிடம் அது இல்லை. இயன்முறை மருத்துவரே இந்த வழியைக் காட்டினார். மல்லாந்து படுத்து, குதிகாலைக் கட்டிலில் தேய்த்தபடி பிட்டத்தை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்த நிலையில் கைப்பேசியின் நீள விளிம்பைத் தொடையின் மேல் வைத்து ஓர் எண், முன்னங்கால் எலும்பின் மேல் வைத்து ஓர் எண். இரண்டையும் கூட்டினால் மடக்கம். எங்கள் முதல் அளவு தொடை 38, முன்னங்கால் 36, ஆக 74. முதுகுப் பக்கம் கேமரா புடைத்துக்கொண்டிருப்பதால் கைப்பேசியைப் படுக்கவைத்து அளக்கக் கூடாது, விளிம்பைத்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்கப் பேனாவால் ஒரு குறி இட்டுக்கொண்டோம். அப்படியும் அடுத்தடுத்து இருமுறை அளந்தால் 3, 4 டிகிரி வேறுபடும்.

இந்த எண்களுக்கு அன்றாட வாழ்வில் பொருள் உண்டு. படியேற ஏறக்குறைய 90 டிகிரி வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ அதற்குச் சற்று மேல். சம்மணமிட்டு உட்கார 120-ஐயும் தாண்ட வேண்டும், அதை மருத்துவர் இப்போதைக்குக் கேட்கவே வேண்டாம் என்றுவிட்டார். ஆத்தா ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, நாள், வேளை, அளவு, வலி பத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டு எழுதத் தொடங்கினார். வரவு செலவு எழுதிப் பழகிய கை. எங்கள் தவறும் அங்கேதான் தொடங்கியது.

எண் ஏறுவதைப் பார்ப்பது ஒரு போதை. 74, 79, 83 என்று ஏறியதும், ஒவ்வொரு வேளையும் அளந்தோம். ஒரு நாள் காலை 86. மாலையில் 82 என்று காட்டியதும் ஆத்தா பொறுக்க மாட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு துண்டால் காலை இழுத்து இழுத்து 90-ஐத் தொட்டார். நானும் கை தட்டினேன். மறுநாள் முழங்கால் பலாக்காய்போல் வீங்கி, அளவு 77-க்கு இறங்கியது. மூன்று நாள் பனிக்கட்டி ஒத்தடமும் காலை உயர்த்தி வைத்துக்கொள்வதுமாகவே கழிந்தன. இயன்முறை மருத்துவர் நோட்டை வாங்கிப் பார்த்து, வீக்கத்தால் மாலையில் மூட்டு இறுகுவது இயல்பு என்றும், 4 டிகிரி குறைவது அளக்கும் கையின் பிழையாகவும் இருக்கலாம் என்றும் விளக்கினார். அதன்பின் ஞாயிறு காலை, பயிற்சி முடித்த பிறகு, வாரம் ஒருமுறை மட்டும் அளந்தோம். கருவி கையில் இருப்பதால் அளந்துகொண்டே இருப்பது, வெந்துவிட்டதா என்று நொடிக்கொருமுறை இட்லிக் கொப்பரையைத் திறப்பது போன்றது.

மடக்கத்தில் கண்ணாக இருந்ததில் இன்னொன்றைத் தவறவிட்டோம். நேராக நடப்பதற்கு மடக்கத்தைவிட நீட்டமே முதன்மையானது. முழங்கால் முழுதாக நிமிராவிட்டால் நொண்டல் நிலைத்துவிடும். ஆத்தாவோ இதமாக இருக்கிறது என்று இரவெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் எடுத்து அனுப்பிய ஒரு புகைப்படத்தில் அந்தத் தலையணையைப் பார்த்த மருத்துவர் அப்போதே தொலைபேசியில் அழைத்து, அதை எடுத்துவிட்டுக் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைக்கச் சொன்னார். முழங்கால் தன் எடையிலேயே மெல்ல நிமிரும்.

மூன்றாவது பயன் வீடியோ. என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஐந்தாம் வாரம் நோட்டில் 98 என்று எழுதியிருந்தோம். வாக்கர் போய்க் கைத்தடி வந்திருந்தது, அதையும் முறைப்படி இடக்கையில்தான் பிடித்தார். எல்லாம் சரி என்று எண்ணியிருந்த வேளையில், வளவு நிலைப்படியைத் தாண்டுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் மருத்துவர். முதலில் எடுத்தது பயன்படவில்லை. முற்றத்து வெளிச்சம் பின்னால் விழுந்து ஆத்தா நிழலாகவே தெரிந்தார். முற்றத்துக்கு முதுகைக் காட்டி, முக்காலியில் ஒரு சொம்பை வைத்து, முழங்கால் உயரத்தில் கைப்பேசியைச் சாய்த்து மறுபடி எடுத்தேன். வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது: கட்டிலில் 98 டிகிரி மடங்கும் முழங்கால், நிலைப்படியில் ஏறக்குறைய மடங்கவே இல்லை. இடுப்பைத் தூக்கி, காலை அரிவாள் வீசுவதுபோல் வெளிப்பக்கமாக வட்டமடித்துப் படியைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்காக வலியோடு நடந்து பழகிய நடையை உடல் விடவில்லை. நான் அன்றாடம் பக்கத்திலேயே நடந்தும் அதைப் பார்க்கவில்லை. விழுந்துவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பயிற்சி மாறியது. தூணைப் பிடித்துக்கொண்டு, தரையில் வைத்த ஒரு செங்கல்லை முழங்காலை மடக்கியே தாண்டுவது. பிறகு இரண்டு செங்கல்.

படம் எடுப்பதற்கு ஆத்தா ஒரு நிபந்தனை விதித்திருந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொள்ளச் சம்மதம், ஆனால் முகம் தெரியக் கூடாது, மருத்துவருக்குப் போனதும் என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமே என்று கேட்ட என் தம்பிக்கு நல்ல பதில் கிடைத்தது.

கைப்பேசியிடம் விடவே கூடாதவையும் உண்டு. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, காய்ச்சல், தையலில் கசிவு: இவற்றுக்குப் படம் எடுத்து அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சிவப்பு எது, நிழல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டை அறியும் கையும் கைப்பேசிக்கு இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது; அவர்களிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்துக் கொடுக்கும் அந்த வேலையை எந்தத் திரையாலும் செய்ய முடியாது.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தபோது எட்டாம் வாரம் முடிந்திருந்தது. நோட்டில் 108. ஆத்தா கைத்தடியோடு முகப்பிலிருந்து வளவுக்கு வந்து, எங்களுக்காகப் போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். இழை (நோன்பில் திரி ஏற்றி உண்ணும் மாவுப் பிள்ளையார்) எடுத்துக்கொள்ளும் வரிசையில் நானும் நின்றிருந்ததால் அந்த நடையைப் படம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் அதே நிலைப்படியைத் தாண்டச் சொல்லி 18 நொடி வீடியோ ஒன்று எடுத்து அனுப்பினேன். கால் இன்னும் சற்று வெளியே வீசுகிறது, இரண்டு செங்கல்லையே மேலும் இரண்டு வாரம் தொடருங்கள் என்று பதில் வந்தது.