கார் கண்ணாடியில் போகாத கறை: தேய்ப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள்

கண்ணாடியில் ஒரு கறை போகவில்லை என்றால் பலரும் துணியை இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். கறை அப்படியே இருக்கும், கூடவே நாலு கீறலும் சேரும். கண்ணாடியைத் துணி கீறாது. துணியில் சிக்கிய மணல் கீறும். மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதனால் எந்தக் கறையாக இருந்தாலும் முதலில் நிறையத் தண்ணீர் விட்டு, கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, துடைத்துக் காய வையுங்கள். அதன் பிறகு விரலால் தடவிப் பாருங்கள்.

வெள்ளை வளையமாக, சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது உப்புக் கறை. விரலில் ஒட்டினால் பசை அல்லது மரப் பிசின். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல், எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பட்டால் மட்டும் புகை மாதிரி தெரிந்தால் எண்ணெய்ப் படலம். உப்புக்கு அமிலம், பசைக்கு எண்ணெய் அல்லது ஸ்பிரிட், எண்ணெய்க்கு சோப்பு. உப்புக் கறைமேல் கண்ணாடி கிளீனர் ஸ்பிரே எத்தனை பாட்டில் அடித்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

போர் தண்ணீரில் வண்டி கழுவும் ஊர்களில் உப்புக் கறைதான் பெரிய தலைவலி. தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், இதற்குப் போதும். 200 மில்லி தண்ணீருக்கு 10 கிராம் கரையுங்கள். வெள்ளை வினிகர் இருந்தால் அதை நீர்க்காமல் அப்படியே பயன்படுத்தலாம். வண்டி நிழலில் நிற்க வேண்டும், கண்ணாடி தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. சும்மா தெளித்தால் கரைசல் வழிந்து ஓடிவிடும். டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கறைமேல் ஒட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். காயத் தொடங்கினால் மறுபடி நனையுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கரைசல் பெயின்ட்மேலோ குரோம் பட்டைமேலோ தங்கிக் காயக் கூடாது. பாத்ரூம் ஆசிட் வேகமாக வேலை செய்யும் என்று சொல்வார்கள். உண்மைதான், அதே வேகத்தில் குரோமையும் வைப்பர் கையின் உலோகத்தையும் அரிக்கும். வேண்டாம்.

ஒரு தடவையில் பாதி போனால் மறுபடி செய்யலாம். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் அது அமிலத்தில் கரையாத சிலிக்காவாக இருக்கலாம், அல்லது கண்ணாடியே அரிபட்டிருக்கலாம். அங்கே கண்ணாடியை பாலிஷ் செய்யும் சீரியம் ஆக்சைடு பொடிதான் வழி. மோர் பதத்துக்குத் தண்ணீரில் கலக்கி, ஃபெல்ட் பேடில் வைத்து, பாலிஷ் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். பேடு காய்ந்தால் கண்ணாடி சூடேறும். முன்கண்ணாடி விரிசல் விடவும் வாய்ப்புண்டு. ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து காட்சி நெளியும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருக்கும் பகுதியில் இதைப் பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. வைப்பர் போட்ட கீறலில் நகம் மாட்டினால் பாலிஷ் செய்வது வெட்டி வேலை.

அடுத்தது பசை. பழைய ஃபாஸ்டேக், சர்வீஸ் ஸ்டிக்கர், சன் ஃபிலிம் எல்லாம் இந்த வகை. 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது அவசரமாக உரித்த பல வண்டிகளில் ஃபிலிம் போயிற்று, பசை மட்டும் தங்கிவிட்டது. உரிப்பதற்கு முன் ஹேர் டிரையரால் ஓரிரு நிமிடம் சூடாக்கினால் பசை இளகி ஸ்டிக்கரோடு சேர்ந்தே வரும். மீந்த பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு வழித்து எடுங்கள். கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு டேஷ்போர்டில் விழுந்தால் அந்தத் தழும்பு மாறாது.

பிளேடு போடலாமா? முன்கண்ணாடியில் போடலாம்: புது பிளேடு, சோப்புத் தண்ணீர், சாய்வாகப் பிடித்து முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர் செய்தவை, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்து உறுதியாக்கியவை. உலையில் சூடாக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் சில மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போய்க் கோடு போடும். அங்கே பழைய ஏடிஎம் கார்டு போதும். பின்கண்ணாடியின் உட்பக்கம் பிளேடைக் கொண்டு போகவே கூடாது. அங்கிருக்கும் டீஃபாகர் கோடுகள், அதாவது சூடாகிப் பனிப்படலத்தைப் போக்கும் கோடுகள், கண்ணாடியின் மேலேயே அச்சிட்டவை. ஒரு கோடு அறுந்தால் அந்த வரி சூடாகாது. அங்கே ஃபிலிம் எடுக்க, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, வண்டியை நல்ல வெயிலில் ஓரிரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு மேல் மூலையிலிருந்து, கோடுகள் போகும் திசையிலேயே மெல்ல உரியுங்கள்.

தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய் ஒரு துளி, பிறகு சோப்பு. ரப்பர் பீடிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கப் புகைப்படலம் பெரும்பாலும் வெயிலில் சூடான டேஷ்போர்டிலிருந்து ஆவியாகி வந்து படிவது. டேஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்பிரேயும் இதைக் கூட்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து துடைத்து, உடனே வேறு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியில் இரண்டையும் செய்தால் படலம் இடம்தான் மாறும்.

வீட்டு ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அதில் கார் கழுவுபவர்கள் உண்டு. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, தூசி இருந்தால் துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்பு அநேகமாக இருக்காது. வைப்பர் டேங்கிலும் அதையே ஊற்றலாம். அங்கே போர் தண்ணீர் ஊற்றினால் நாசில் துளை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் கண்ணாடியில் புதுப் புள்ளிகள் விழும்.