குறை வேறு, கோரிக்கை வேறு: ஷிப்ட் மாறும் நேரத்துக்குச் சம்பளம் வாங்கிய கதை

சங்கத்தின் சார்பில் குறைதீர்ப்புக் குழுவில் உட்காரும் பொறுப்பு எனக்கு வந்த புதிதில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் வந்தார். ஷிப்ட் முடிந்த பிறகும் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மெஷினைப் பொறுப்பெடுக்கும் வரை அவரால் நகர முடியாது. தினமும் கால் மணி, இருபது நிமிடம் போய்விடும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். "எல்லாரும் அப்படித்தானே இருக்கிறார்கள்" என்ற பதிலோடு அது நின்றுவிட்டது.

விஷயம் கிளைக் கூட்டத்துக்கு வந்ததும் சூடு பிடித்தது. கேன்டீன், சம்பள உயர்வு, பஸ் வசதி என்று தேங்கிக் கிடந்த எல்லாவற்றையும் இதோடு சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம் என்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நான் பிடிவாதமாக மறுத்தேன். இருக்கிற ஒப்பந்தத்தையோ சட்டத்தையோ வேலை விதிகளையோ நிர்வாகம் மீறினால் அது குறை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கேட்டால் அது கோரிக்கை, அதற்கு இடம் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மேசை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் குறைகளைக் கையாள்வது பற்றி வெளியிட்ட 130ஆம் பரிந்துரையும் வேலை நிலைமைகளை மாற்றக் கேட்கும் கூட்டுக் கோரிக்கைகளைக் குறை என்ற வரம்புக்கு வெளியேதான் வைக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால், "இதெல்லாம் அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம்" என்று மொத்தத்தையும் தள்ளிவைக்க நிர்வாகத்துக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

சம்பள உயர்வையும் மற்றதையும் தனிக் கோப்பில் வைத்தோம். குறை மனு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. என்ன நடக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்படுகிறது, எங்களுக்கு என்ன தீர்வு வேண்டும். அவ்வளவுதான். 'அநீதி', 'சுரண்டல்' போன்ற சொற்களைத் தோழர்கள் சேர்க்கச் சொன்னார்கள். மேடையில் பேசலாம், மனுவில் வேண்டாம் என்றேன். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கினோம். பதில் தர வேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் கட்டம் சூப்பர்வைசர். தன் கையில் அதிகாரம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் நல்லதுதான், அடுத்த கட்டத்துக்குப் போக அந்தத் தாள் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பிரிவு மேலாளரும் எச்.ஆர். அதிகாரியும் உட்கார்ந்தார்கள். முன் அனுமதி பெற்ற கூடுதல் நேரத்துக்கு மட்டும்தான் ஓவர்டைம் என்ற வரியைக் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருப்பது உண்மை. பஞ்சிங் மெஷின் பதிவிலும் எங்கள் தோழர் ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சரியாக வெளியேறியதாகவே இருந்தது.

இங்கேதான் மெஷின் பக்கத்தில் கம்பியில் தொங்கும் பழைய நோட்டுப் புத்தகம் கை கொடுத்தது. ஷிப்ட் மாறும்போது எத்தனை பெட்டி முடிந்தது, எந்த பெல்ட் தகராறு செய்கிறது என்று போகிற ஆள் எழுதுவார். வருகிற ஆள் படித்துவிட்டு நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு நாளும் ஷிப்ட் நேரம் தாண்டித்தான் இரண்டு கையெழுத்தும் விழுந்திருந்தன. பிறகு பஞ்சிங் மெஷினின் மூலப் பதிவைக் கேட்டோம். சம்பளம் போடும் மென்பொருள், அனுமதி இல்லாத கூடுதல் நிமிடங்களை வெட்டிவிட்டு ஷிப்ட் முடியும் நேரத்தையே காட்டுகிறது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பிரிவு மேலாளருக்கே அது தெரிந்திருக்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது.

முன் அனுமதி பற்றிய வாதத்துக்கு எங்களிடம் பதில் இருந்தது. அடுத்த ஆள் கையெழுத்திடும் வரை மெஷினை விட்டுப் போகக்கூடாது என்பது நிர்வாகமே சுவரில் ஒட்டிய பணி விதி. நகர்ந்தால் நடவடிக்கை என்றும் அதில் இருந்தது. இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள், இருக்க அனுமதி வாங்கினாயா என்று எப்படிக் கேட்க முடியும்?

எல்லாக் கூட்டத்துக்கும் அந்தத் தோழரை உடன் அழைத்துப் போனேன். சங்கப் பிரதிநிதிகள் பலர் தாங்களே பேசி முடித்துவிட்டு வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெஷினை நிறுத்தாமல் ஆள் மாறுவது எப்படி என்று அவர் நிதானமாகச் சொன்னபோது கிடைத்த கவனம் என் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. குறை சொன்னவருக்கு நேரடியாகப் பங்கெடுக்க உரிமை உண்டு, கூட்டத்துக்கு வந்த நேரத்துக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்பதும் அந்த 130ஆம் பரிந்துரையில் இருக்கிறது.

நடுவில் ஒரு சிக்கல். அவரைத் திடீரென்று வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை நிறுத்துவோம் என்று இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். சரி, முதலில் ஒரு கடிதம் போடுவோம் என்றேன். குறை சொன்னதற்காக யாருக்கும் எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்திலேயே உண்டு. ஒப்பந்தத்தின் அந்த விதியைக் குறிப்பிட்டு, மாற்றத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டோம். எழுதக்கூடிய காரணம் அவர்களிடம் இல்லை. பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் கட்டத்தில், இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழுவில், இழுபறி நிலுவைத் தொகையில்தான். அதுவும் தீராவிட்டால் வெளி நடுவரிடம் போக வேண்டும். அவர் சொல்வது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதால், இரு பக்கமும் யோசித்துத்தான் பேசினோம். ஒப்பந்தப்படி பழைய சம்பவங்களுக்குக் குறை கேட்கக் கால வரம்பு உண்டு. அதற்கு முந்தைய நிலுவை கிடைக்காது என்று மூத்த தோழர்களிடம் சொல்வது கடினமாக இருந்தது. வருடக்கணக்கில் அப்படி நின்றவர்கள் அவர்கள். சிலர் இன்றும் என்மேல் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் கையெழுத்தானது இது: வரம்புக்குட்பட்ட காலத்துக்கு, நோட்டுப் புத்தகத்தின் பதிவுப்படி அந்தப் பிரிவில் எல்லோருக்கும் நிலுவை. இனி ஷிப்ட் மாறும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும், தனி அனுமதி தேவையில்லை. மென்பொருளில் மாற்றம் செய்ய ஒரு தேதி. அந்தத் தேதியை எழுத வைக்கத்தான் அதிகம் போராடினோம். "விரைவில்" என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதல் மாதச் சம்பளச் சீட்டில் நிலுவை வந்தது, ஆனால் புதிய கணக்கு வரவில்லை. அப்புறம் கையெழுத்தான தாளின் நகலோடு போய் நின்றோம். அடுத்த மாதம் சரியானது. இப்போது மற்றப் பிரிவுத் தோழர்களும் தங்கள் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவருகிறார்கள். சம்பள உயர்வுக் கோப்பு தனியாகத் தயாராக இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் அதுதான் முதலில் மேசைக்கு வரும்.