ஏக்கர் கணக்கும் பாலைத்திணையும்

ஈரோட்டில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வரன்களைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். தமிழ் முதுகலை படித்தவள் என்பதால், காதலா செல்வமா என்று இலக்கியத்தில் படித்த கேள்வியை இங்கே படிவத்தின் கட்டங்களாகப் பார்க்கிறேன். பெயர், குலம், நட்சத்திரம் எழுதி முடித்ததும் பேச்சு பூமிக்கு வந்துவிடும். எத்தனை ஏக்கர், கீழ்பவானி வாய்க்கால் பாசனமா கிணற்றுப் பாசனமா, பங்காளிகளோடு பாகம் பிரித்தாயிற்றா என்பதையெல்லாம் துல்லியமாகச் சொல்லும் பெற்றோர், ‘எதிர்பார்ப்பு’ என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் ‘நல்ல குடும்பம்’ என்று போடச் சொல்லி எழுந்துவிடுவார்கள்.

இப்படியொரு பேச்சுவார்த்தையை ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1743 வாக்கில் தீட்டியிருக்கிறார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவரது ஆறு ஓவியங்களின் வரிசையில் அது முதலாவது. கையில் காசில்லாத பிரபு, கீல்வாதத்தால் கட்டுப்போட்ட காலை நீட்டியமர்ந்து தன் வம்சாவளியைச் சுட்டிக்காட்டுகிறார். எதிரே பணக்கார வணிகர் ஒப்பந்தத்தைப் படிக்கிறார். மாப்பிள்ளை கண்ணாடியில் தன் அழகைப் பார்க்க, பெண்ணோ அவனுக்கு முதுகைக் காட்டியபடி மோதிரத்தைக் கைக்குட்டையில் கோத்து விளையாடுகிறாள். அவன் காலடியில் ஒன்றாகச் சங்கிலியிட்ட இரண்டு நாய்கள். என்னைக் கேட்டால் அந்த நாய்களே போதும். கொலையும் விஷமுமாக முடியும் பிந்தைய படங்கள் சற்று மிகை.

சங்க அகப்பாடல்களில் செல்வம் பெரும்பாலும் இரு தந்தையருக்கு நடுவே நிற்பதில்லை. ஏற்கெனவே மனம் ஒன்றிய இருவருக்கு நடுவே வந்து நிற்கிறது. பொருள் தேடத் தலைவன் தலைவியைப் பிரிந்து போவதைப் பாட, பிரிவுக்குரிய பாலைத்திணையில் பொருள்வயிற் பிரிவு என்று துறையே உண்டு. அதை அதிகம் பாடியவர்களில் ஒருவர் நம் பக்கத்துச் சேர அரசர், பாலை பாடிய பெருங்கடுங்கோ. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார்மலைக் கல்வெட்டில் பெருங்கடுங்கோன் என்ற பெயர் வருகிறது; அவரே இவர் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. குறுந்தொகையின் 135ஆம் பாடலில் ‘வினையே ஆடவர்க்கு உயிரே’ என்று அவர் தொடங்குவதை மேடையில் பலர் முழங்குகிறார்கள், ஆனால் அந்த ஓரடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனையுறை மகளிர்க்கு ஆடவரே உயிர் என்றும் சொன்னவர் தலைவர்தானே, ஆகவே அழாதே, போகமாட்டார் என்று தோழி தலைவியைத் தேற்றுவதல்லவா பாட்டு! பட்டினப்பாலைத் தலைவனும், காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பதாயினும் இவளை விட்டு வரமாட்டேன் என்றுதான் நெஞ்சிடம் சொல்கிறான்.

ஏக்கர் கேட்பவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள், மகள் கஞ்சிக்கு அல்லாடக் கூடாது என்று கேட்கிறார்கள். இருந்தாலும், பெற்றோர் போன பிறகு தனியாகத் தொலைபேசியில் அழைக்கும் பெண்கள் பூமியைப் பற்றிக் கேட்பதில்லை. “அவுரு துபாய்ல இருக்காருங்களாமா, கல்யாணத்துக்கப்பறம் என்னையும் கூட்டிட்டுப் போவாருங்களாக்கா, இல்ல இங்கயே உட்டுட்டுப் போயிருவாருங்களா?” என்று கேட்கிறார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் விசாரித்தால், அவர்கள் சம்பளத்தை இன்னொரு முறை சொல்கிறார்கள்.