மிளகாய்ச் செடி: இலை சுருளும் முன்பே செய்ய வேண்டியவை

நாற்று நடும்போதே தொடங்கிவிடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கரைத்து, வேரை அரை மணி நேரம் ஊறவைத்து நட்டால் வேரழுகல் குறையும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாக்டீரியா செத்துவிடும்.

பிறகு 15 நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி. பழைய வேட்டித் துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்க வைத்துச் செய்யும் மீன் அமிலத்தில் மட்டும் கை தாராளம் கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகுதான், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் அந்தத் தளிர்தான் விருந்து.

அதையும் மீறி இலை சுருண்டால் உற்றுப் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு, இலை ஒடுங்கினால் சிலந்திப்பேன். அதன்பின் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றாதீர்கள். முதலில் சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கி, பால்போல் வெளுத்த பிறகு தண்ணீர் சேருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் அதைத் தெளிக்கவே வேண்டாம், இலை கருகும். மாலை வெயில் தாழ்ந்ததும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பூச்சி இருப்பது அங்கேதான்.