பஜேரோவின் பின் ஸ்பிரிங்கும் மூன்று ஈப்போ பயணங்களும்

கழற்றிய பழைய ஸ்பிரிங்கைத் தரையில் நிறுத்தி, அதன் பக்கத்தில் புதியதை வைத்த நொடியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. உயரம் ஒத்துப்போகவில்லை. கம்பியும் மெலிந்து தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் வெர்னியரை இரண்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உன் வண்டியின் பொருளே இல்லை" என்றார். வண்டியோ சக்கரங்கள் இல்லாமல் தாங்கிகளின் மேல் நிற்கிறது. மறுநாள் காலையில் உரம் ஏற்ற வேண்டும்.

என்னுடையது 1996ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ, ஐந்து கதவு கொண்ட வி46 மாடல், 2.8 லிட்டர் டீசல். சுங்கை சிப்புட்டில் இருந்து எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதையில் அதைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை. சில மாதங்களாகவே பின்பக்கம் தணிந்துகொண்டு வந்தது. ஆறு மூட்டை ஏற்றினால் போதும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்சில், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் தாங்கும் அச்சு, மேலே இருக்கும் ரப்பர் கட்டையில் 'டங்' என்று இடிக்கும். கடைசியில் வலப்பக்க ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் விரிசலைக் கண்டேன். மண்ணும் தண்ணீரும் தங்குகிற இடம் அது. துரு அரித்துக் குழி விழுந்து, அந்தக் குழியில் இருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. உங்களிடமும் பழைய வண்டி இருந்தால் இன்றே குனிந்து அந்த அடிச்சுற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

முதல் பயணத்தில் நடந்தது இதுதான். ஈப்போ கடையின் முகப்பில் இருந்தவர் "பஜேரோவா, எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்டார். பெட்டியை எடுத்து வைத்தார். நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தலைமுறை பஜேரோ 1991இல் வந்தது முதல் மூன்று கதவு வண்டி, ஐந்து கதவு வண்டி என்று இரண்டு நீளங்களில் ஓடுகிறது. குட்டை வண்டிக்கு அச்சிடைத் தூரம், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட நீளம், 2,420 மில்லிமீட்டர், நீள வண்டிக்கு 2,725. பின்பக்கம் சுமக்கும் எடை வேறு, ஸ்பிரிங்கும் வேறு. என்னுடையது நீள வண்டி, எனக்குக் கொடுத்ததோ குட்டை வண்டியான வி26க்கு உரியது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், சேசிஸ் எண் தகட்டைப் படமெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை விரிசல் விட்ட அதே ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டி, வெறும் வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மனம் கொதித்தது.

இரண்டாவது பயணம் பொருளைத் திருப்பிக் கொடுக்க. பெட்டியைப் பிரித்துவிட்டேனாம், அதனால் முடியாதாம். தவறு யாருடையது என்று ஒரு மணி நேரம் வாதாடிய பிறகு, நாற்பது ரிங்கிட் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். தருவதற்கு முன்னால், "இதற்குப் பதில் இரண்டு அங்குலம் உயர்த்தும் கனரக ஸ்பிரிங் போடுங்கள், வண்டி கம்பீரமாக நிற்கும்" என்று வேறு தள்ளிவிடப் பார்த்தார்கள். நல்லவேளை, வாங்கவில்லை. பஜேரோவின் பின் ஆக்சிலை உடலோடு குறுக்குத் தண்டு ஒன்று பிணைக்கிறது. உடலை உயர்த்தினால் அந்தத் தண்டு ஆக்சிலையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். குலுக்கலை அடக்கும் அப்சோர்பரும் பிரேக் குழாயும் நீளம் போதாமல் இழுபடலாம். என் வண்டியில் பின்பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்சிலோடு இணைந்திருக்கிறது. உடல் உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அது பின்பிரேக்கைக் குறைத்துவிடும். மூட்டைகளோடு மேட்டில் இருந்து இறங்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும்?

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையதை வாங்கலாம் என்றார் ஒருவர். அதுவும் இத்தனை ஆண்டுகள் சுமை தாங்கித் தணிந்ததுதானே? ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர் வளையம் வைக்கச் சொன்னார் இன்னொருவர். உயரம் கிடைக்கும், ஆனால் தாங்கும் வலு கொஞ்சமும் கூடாது. சூடேற்றி இழுத்துவிடலாம் என்ற யோசனையைக் காதில் கூட வாங்காதீர்கள். எஃகின் பதம் அதோடு போய்விடும்.

மெக்கானிக் அண்ணன்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "வண்டி என்ன எடை சுமக்கிறது என்று உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. எந்தக் கடைக்காரரும் அதைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் செம்பனைக் குலை வாங்கும் மையத்துக்குப் போனேன். லோரிகள் வராத நேரம் பார்த்து, எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தக் கேட்டேன். எடை பார்க்கும் அக்கா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். காலியாக 980 கிலோ. ஐம்பது கிலோ மூட்டைகள் ஆறு ஏற்றியதும் 1,300. மூட்டைகள் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால், ஏற்றிய 300 கிலோவை விட இருபது கிலோ கூடுதலாகவே பின்பக்கம் விழுகிறது. காசு கேட்கவில்லை. இந்த முழு அலைச்சலிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்த இரண்டு எண்கள்தாம்.

அடுத்து வீட்டு வாசலில் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்தில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தோம். தரையில் இருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். மகள் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் படித்தாள். வலப்பக்கம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

இந்தக் கணக்கோடுதான் மூன்றாவது முறை, வேறொரு கடைக்குப் போனேன். ஆஸ்திரேலியத் தயாரிப்பு ஸ்பிரிங்குகளின் பட்டியலில் வண்டி எப்போதும் சுமக்கும் நிரந்தரச் சுமையை வைத்தே வகை பிரித்திருந்தார்கள். நான் வாரத்தில் இரண்டு நாள்தான் மூட்டை ஏற்றுகிறேன், மற்ற நாள்களில் மகளை மகாத்மா காந்தி கலாசாலையில் விடவும் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் அதே வண்டிதான். 400 கிலோ வகையைப் போட்டால் அம்மாவின் இடுப்பு தாங்காது. அதனால் உயரம் கூட்டாத, 200 கிலோ வகையை எடுத்தேன். கம்பியின் பருமனில் ஏமாந்துவிடாதீர்கள். மற்ற அளவுகள் மாறாமல் 14 மில்லிமீட்டர் கம்பி 15 ஆனாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் கூடிவிடும்.

பூட்டுவது அரை நாளில் முடிந்தது. ஒன்றை மட்டும் கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உதவியாளர் பையன் அப்சோர்பர், தண்டு போல்ட்டுகளை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கப் போனான். அண்ணன் தடுத்துவிட்டார். சக்கரத்தில் எடை விழுந்த பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பின்பக்கம் எழும்பியதால் முகப்பு விளக்கின் ஒளியும் தாழ்ந்துவிட்டது. அதையும் திருத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அளந்தோம். புதிய ஸ்பிரிங் 5 மில்லிமீட்டர் அமர்ந்திருந்தது, இரு பக்கமும் சமம். நேற்று ஆறு மூட்டையோடு தோட்டத்து வாய்க்கால் பள்ளத்தில் வழக்கமான வேகத்தில் இறங்கினேன். காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த 'டங்' கேட்கவில்லை.